'100% தேர்ச்சி' பலகையைப் படிப்பது எப்படி? தேர்வு மதிப்பெண்ணை வைத்துப் பள்ளியை அளக்க ஒரு முழு வழிகாட்டி

மே மாதம் ரிசல்ட் வந்த மறுநாளே பள்ளி வாசலில் ஃப்ளெக்ஸ் ஏறிவிடும். 'பத்தாம் வகுப்பில் 100% தேர்ச்சி' என்று மேலே கொட்டை எழுத்து, கீழே 490-க்கு மேல் வாங்கிய பிள்ளைகளின் பாஸ்போர்ட் போட்டோ, எத்தனை சென்டம் என்ற கணக்கு, ஓரத்தில் 'அட்மிஷன் நடைபெறுகிறது'. அந்தப் பலகையில் பொய் இருப்பது அபூர்வம். சிக்கல் வேறு. அந்த 100-க்குள் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன: பள்ளி யாரைத் தேர்வெழுத விட்டது என்பது ஒன்று, எழுதியவர்களுக்கு என்ன கற்றுக்கொடுத்தது என்பது இன்னொன்று. பெற்றோருக்கு வேண்டியது இரண்டாவது. பலகை காட்டுவதில் பெரும்பங்கு முதலாவது.

இரண்டையும் பிரித்துப் பார்ப்பதற்குத்தான் இந்த வழிகாட்டி. பிள்ளைக்குப் பள்ளி தேடுகிறவர், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர், ரிசல்ட் அனாலிசிஸ் கூட்டத்தில் தலை குனிந்து உட்கார வைக்கப்படும் ஆசிரியர் என யாருக்கும் உதவும். தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தை வைத்தே சொல்கிறேன். கால்குலேட்டரும் ஒரு நோட்டும் போதும்.

படி 1: எந்தத் தேர்வு, எதற்காக வைத்தது?

எல்லாத் தேர்வு மதிப்பெண்ணும் பள்ளியை அளக்க ஏற்றதல்ல. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பொதுத்தேர்வுகள் மாணவருக்குச் சான்றிதழ் தருவதற்காக வைத்தவை. பள்ளியைத் தரம் பிரிக்க அவை வடிவமைக்கப்படவில்லை. நாம்தான் அதற்குப் பயன்படுத்துகிறோம்.

மாணவர்கள் எவ்வளவு கற்றிருக்கிறார்கள் என்று மத்திய அரசு பார்க்கும் தேசிய அடைவு ஆய்வு வேறு வகை. 2017-18-லும் 2021-லும் 3, 5, 8, 10-ஆம் வகுப்புகளில் நடந்தது. 2024 டிசம்பரில் 'பரக்' ஆய்வு என்ற புதிய பெயரில் 3, 6, 9-ஆம் வகுப்புகளுக்கு மாறியது. இதில் எல்லாப் பள்ளியும் கிடையாது, மாதிரிப் பள்ளிகள் மட்டும்தான். மாவட்டம் எப்படி இருக்கிறது என்று சொல்லும், உங்கள் தெருப் பள்ளியைப் பற்றி ஒன்றும் சொல்லாது. 'அடைவு ஆய்வில் எங்கள் பள்ளி நல்ல மார்க்' என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

'அசர்' ஆய்வு மூன்றாவது வகை. பிரதம் அமைப்பு 2005 முதல் கிராமங்களில் நடத்துவது. வீடு வீடாகப் போய்ப் பிள்ளையை இரண்டாம் வகுப்புப் பாடம் படிக்கச் சொல்வார்கள், கழித்தல், வகுத்தல் போடச் சொல்வார்கள். வீட்டில் வைத்துச் செய்வதால் பள்ளிக்கு வராத பிள்ளையும் கணக்கில் வந்துவிடும். இது ஏன் பெரிய விஷயம் என்பது மூன்றாம் படியில் புரியும்.

ஒரு பள்ளியைப் பார்க்க வேண்டுமானால் கையில் இருப்பது பொதுத்தேர்வு மதிப்பெண்தான். குறைகளோடுதான் அதைப் பயன்படுத்தியாக வேண்டும்.

படி 2: ஐந்து வருடத் தகவலை வாங்குங்கள்

ஒரு வருட ரிசல்ட்டை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். கேட்க வேண்டியவை: ஒவ்வொரு வருடமும் ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர், பத்தில் எத்தனை பேர், தேர்வுக்குப் பதிவு செய்தவர், எழுதியவர், தேர்ச்சி பெற்றவர். பாடவாரியாக மதிப்பெண் பட்டியல், பெயர் வேண்டாம், எண் போதும். பிளஸ் டூவாக இருந்தால் அதே மாணவர்களின் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணும் வேண்டும்.

வகுப்புவாரி மாணவர் எண்ணிக்கைக்குப் பள்ளியையே கெஞ்ச வேண்டியதில்லை. ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க யுடைஸ் எண் உண்டு. மத்திய அரசின் யுடைஸ் பிளஸ் தளத்தில் அந்தப் பள்ளியின் அறிக்கையை எடுத்தால் வகுப்புவாரிச் சேர்க்கை இருக்கும்.

2020, 2021 இரண்டையும் தனியே ஒதுக்கி வையுங்கள். கொரோனாவால் 2020-இல் பத்தாம் வகுப்புக்குக் காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணையும் வருகையையும் வைத்துக் கணக்குப் போட்டார்கள். 2021-இல் அனைவரும் தேர்ச்சி. 'பார்த்தீர்களா, அந்த வருடமும் 100%' என்று அதைச் சராசரியில் சேர்க்கும் பள்ளிகள் இருக்கின்றன.

படி 3: பகுதி எண்ணைத் தேடுங்கள்

தேர்ச்சி சதவீதம் என்பது ஒரு பின்னம். மேலே தேர்ச்சி பெற்றவர், கீழே தேர்வெழுதியவர். அந்தக் கீழ் எண்தான் பகுதி எண். எல்லோருடைய கண்ணும் மேலே போகும். வேலை நடப்பது கீழே.

2023 பிளஸ் டூவை எடுத்துக்கொள்ளுங்கள். எழுதியவர் 8,03,385 பேர், தேர்ச்சி 7,55,451 பேர், அதாவது 94.03%. அதே தேர்வின் முதல் நாள், தமிழ்த் தாளுக்குச் சுமார் 50,000 பேர் வரவில்லை என்று பெரிய பரபரப்பு எழுந்தது. அந்த 50,000 பேரையும் பகுதியில் சேர்த்துப் போட்டுப் பாருங்கள்: 88.5% சொச்சம்தான் வரும். ஐந்தரை சதவீதம் ஒரே நாளில் காணாமல் போயிருக்கிறது. வராதவர்களில் பலர் எப்போதோ படிப்பை விட்டுவிட்டு, பெயர் மட்டும் பதிவேட்டில் தொங்கியவர்கள் என்று விளக்கம் தரப்பட்டது. இருக்கலாம். ஆனால் அவர்களும் ஒரு பள்ளியின் பிள்ளைகளாக இருந்தவர்கள்தானே? அந்த வருட மாணவர் அணிதான் 2021-இல் பத்தாம் வகுப்பைத் தேர்வே இல்லாமல் கடந்து வந்தது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

மாநில அளவில் நடப்பது பள்ளி அளவில் மூன்று வழிகளில் நடக்கும்.

ஒன்று, ஒன்பதாம் வகுப்பு வடிகட்டல். தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை ஆல் பாஸ் என்பதால் பள்ளியின் கையில் கத்தரிக்கோல் கிடைக்கும் முதல் வகுப்பு ஒன்பதுதான். 'உங்க பையனுக்கு இங்க கஷ்டம் சார், டிசி வாங்கிட்டு வேற ஸ்கூல்ல சேர்த்துடுங்க, ஃபெயில்னு போட மாட்டோம்' என்று மெதுவாகச் சொல்வார்கள். ஒன்பதில் 120 பேர், மறுவருடம் பத்தில் 95 பேர், அதுவும் ஒவ்வொரு வருடமும் இப்படியே என்றால் வீடு மாறினார்கள், ஊர் மாறினார்கள் என்ற பதில் நிற்காது.

இரண்டு, தனித்தேர்வர் வழி. பள்ளி மாணவனாக எழுதாமல் தனியாக எழுதச் சொல்லிவிட்டால் பள்ளிக் கணக்கில் அவன் இல்லை. மூன்று, தேர்வு நாளில் 'வராமல் பார்த்துக்கொள்வது'. இதை நிரூபிப்பது கஷ்டம், ஆனால் பதிவு செய்தவருக்கும் எழுதியவருக்கும் உள்ள வித்தியாசம் வருடா வருடம் பெரிதாக இருந்தால் கேட்கத்தான் வேண்டும்.

ஆகவே நீங்கள் போட வேண்டிய கணக்கு இது: இந்த வருடம் பத்தில் தேர்ச்சி பெற்றவர்களை, போன வருடம் ஒன்பதில் இருந்தவர்களால் வகுங்கள். 95 பேர் எழுதி 95 பேரும் தேறிய மேற்சொன்ன பள்ளிக்கு இது 79%. பக்கத்து அரசுப் பள்ளியில் ஒன்பதில் 110 பேர், பத்தில் 112 பேர், தேறியவர் 98 பேர் என்றால் அதன் பலகை எண் 87.5%, நம் கணக்கில் 89%. மற்ற பள்ளிகள் வெளியே தள்ளிய பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு அரசுப் பள்ளி எடுத்த எண் இது. கணக்கு முரட்டுத்தனமானதுதான், புதிதாகச் சேர்ந்தவர்கள் கொஞ்சம் குழப்புவார்கள். இருந்தாலும் பலகையைவிட நேர்மையானது.

படி 4: 35-ஐ மறந்துவிட்டு வரிசையைப் பாருங்கள்

தேர்ச்சிக் கோடு 35. எங்கே கோடு போடுகிறோமோ அங்கேதான் பள்ளியின் உழைப்பு குவியும். ஜனவரி முதல் எந்த அரசுப் பள்ளிக்குப் போனாலும் பார்க்கலாம்: 'மெல்லக் கற்போர்' என்று ஒரு பட்டியல், அவர்களுக்கு மாலை ஸ்பெஷல் கிளாஸ், கையில் தேர்ச்சிக்கு மட்டும் போதுமான 'மினிமம் மெட்டீரியல்' குறிப்பு. ஒன் வேர்டு, பாடத்தின் பின்னால் உள்ள புக் பேக் கேள்வி, வரைபடம், எப்படியாவது 35. 25 வாங்குகிற பிள்ளைக்கு இது பெரிய உதவி. 10 வாங்குகிற பிள்ளையைக் கைவிட்டுவிடுவார்கள். 60 வாங்கி, கொஞ்சம் தள்ளிவிட்டால் 80-க்குப் போகக்கூடிய பிள்ளையை யாரும் கண்டுகொள்வதில்லை. ஆசிரியர்களைக் குறை சொல்ல மாட்டேன். முதன்மைக் கல்வி அலுவலர் கேட்கப்போவது தேர்ச்சி சதவீதம் மட்டும்தான் என்றால் அவர்கள் வேறு என்ன செய்வார்கள்?

இது நம் ஊர் நோய் மட்டுமல்ல. அமெரிக்காவில் 2002-இல் நடைமுறைக்கு வந்த 'எந்தக் குழந்தையும் பின்தங்கக் கூடாது' சட்டம் 2014-க்குள் எல்லா மாணவரும் 'தேர்ச்சி நிலை' எட்ட வேண்டும் என்றது. எட்டாத பள்ளிகளுக்குத் தண்டனை. பள்ளிகள் கோட்டுக்குச் சற்றுக் கீழே உள்ள பிள்ளைகளின் மேல் மொத்தமாக விழுந்தன. இலக்கு எட்டப்படவில்லை. 2015 டிசம்பரில் வேறு சட்டம் கொண்டுவந்தார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது: ஒரு பாடத்தின் மதிப்பெண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குங்கள். 80 பேர் என்றால் 20-ஆவது, 40-ஆவது, 60-ஆவது இடத்தில் உள்ள மதிப்பெண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று வருடத்துக்கு இதைச் செய்தால் போதும். 20-ஆம் இடம் 36-லேயே நிற்கிறது, 60-ஆம் இடமும் நகரவில்லை, ஆனால் தேர்ச்சி மட்டும் 88-லிருந்து 100 ஆகியிருக்கிறது என்றால் அந்தப் பள்ளி கோட்டைத் தாண்ட வைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். மூன்று இடமும் சேர்ந்து ஏறினால் வகுப்பறையில் ஏதோ நல்லது நடக்கிறது.

ஒரு சின்ன எச்சரிக்கை. செய்முறை உள்ள பிளஸ் டூ பாடங்களில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. அந்த 30 பெரும்பாலும் முழுசாக விழும். எழுத்துத் தேர்வை மட்டும் தனியே அடுக்கிப் பார்ப்பதே நல்லது.

படி 5: எங்கே தொடங்கினார்கள்?

இதுதான் முக்கியமான படி. மற்ற எல்லாவற்றையும் விட்டாலும் இதை விடாதீர்கள்.

பத்தில் 450-க்கு மேல் எடுத்தவர்களை மட்டும் பிளஸ் ஒன்னில் சேர்க்கும் பள்ளி, பிளஸ் டூவில் 500-க்கு மேல் எடுக்க வைத்தால் அதில் பள்ளியின் பங்கு எவ்வளவு? விதை நெல்லைப் பொறுக்கி எடுத்தவரின் விளைச்சலையும், கிடைத்ததை விதைத்தவரின் விளைச்சலையும் ஒரே தராசில் வைப்பது போன்றது இது.

இங்கிலாந்தில் 2016 முதல் இதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள், 'ப்ராக்ரஸ் 8' என்று பெயர். 11 வயதில் ஒரே மதிப்பெண் வாங்கிய நாடு முழுவதுமுள்ள பிள்ளைகளை ஒரு குழுவாக்குவார்கள். 16 வயதில் அந்தக் குழுவின் சராசரி என்ன என்று பார்ப்பார்கள். உங்கள் பிள்ளை அதைவிடக் கூடவா குறைவா என்பதுதான் அவள் 'முன்னேற்றம்'. பள்ளியின் எல்லாப் பிள்ளைகளின் முன்னேற்றத்தைச் சராசரி எடுத்தால் பள்ளியின் எண். 0 என்றால் நாட்டுச் சராசரி.

நம்மிடம் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணும் பிளஸ் டூ மதிப்பெண்ணும் இருப்பதால் இதே வேலையை மாவட்ட அளவில் செய்யலாம். ஒரு கற்பனை மாவட்டத்தை வைத்துப் போட்டுக் காட்டுகிறேன். பத்தில் (500-க்கு) எடுத்த மதிப்பெண்படி நான்கு குழு. பிளஸ் டூவில் (600-க்கு) மாவட்டச் சராசரி இப்படி:

250-க்குக் கீழ் எடுத்தவர்கள்: 310
250 முதல் 350 வரை: 365
350 முதல் 450 வரை: 440
450-க்கு மேல்: 530

'அ' பள்ளியில் 100 பேர். முதல் குழுவில் ஒருவரும் இல்லை. அடுத்ததில் 10 பேர் (சராசரி 360), அப்புறம் 40 பேர் (435), மேலே 50 பேர் (525). பள்ளிச் சராசரி 472.5. ஃப்ளெக்ஸுக்கு அழகான எண். ஆனால் அதே கலவையில் மாவட்டப் பிள்ளைகள் சராசரியாக எடுப்பது 477.5. அதாவது 'அ' பள்ளி 5 மதிப்பெண் பின்தங்கியிருக்கிறது.

'ஆ' பள்ளியிலும் 100 பேர். குழுவாரியாக 40 பேர் (330), 40 பேர் (380), 15 பேர் (450), 5 பேர் (530). சராசரி 378. பேப்பரில் போட மாட்டார்கள். மாவட்டக் கணக்குப்படி எதிர்பார்த்தது 362.5. இங்கே 15.5 கூடுதல்.

சராசரியில் 'அ' 94.5 மதிப்பெண் முன்னால் நிற்கிறது, கற்பித்தலில் 'ஆ' முன்னால் நிற்கிறது. உங்கள் பிள்ளை பத்தில் 240 எடுத்தவள் என்றால் எங்கே சேர்ப்பீர்கள்?

மாவட்டச் சராசரி பெற்றோருக்குக் கிடைக்காது. கல்வித்துறையிடம் மாணவர் விவரங்கள் அடங்கிய எமிஸ் பதிவுகளும் தேர்வுத் துறையின் மதிப்பெண்களும் இருக்கின்றன, மனது வைத்தால் இதைக் கணக்கிடலாம் என்பது என் எண்ணம். அதுவரை அக்கம்பக்கத்து நான்கைந்து பள்ளிகளின் தகவலைச் சேர்த்து ஒரு தற்காலிகச் சராசரி போட்டுக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பு சதவீதத்திலிருந்து பிளஸ் டூ சதவீதத்தை நேராகக் கழிக்க மட்டும் செய்யாதீர்கள். இரண்டும் வேறு வேறு தேர்வு, கடினமும் வேறு.

தொடக்கப் புள்ளி இல்லாவிட்டால் இந்த முறை படுத்துவிடும். இங்கிலாந்தில் கொரோனாவால் 2020, 2021-இல் 11 வயதுத் தேர்வு நடக்கவில்லை. அதனால் 2025, 2026 அணிகளுக்கு ப்ராக்ரஸ் 8 கணக்கிட முடியாமல் போனது. நம் 2023 பிளஸ் டூ அணிக்கும் இதே கதிதான், அவர்களுக்குப் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணே இல்லை.

படி 6: அதிர்ஷ்டத்தைக் கழியுங்கள்

சின்னப் பள்ளிகளின் எண் துள்ளும். 20 பேர் எழுதும் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டால் 5% போச்சு.

ஒவ்வொரு பிள்ளைக்கும் தேறும் வாய்ப்பு 90% என்று வைத்துக்கொள்வோம். 20 பேர் பள்ளி 100% எடுக்கும் வாய்ப்பு 12%. அதாவது இப்படி நூறு பள்ளி இருந்தால், ஒன்றுமே விசேஷமாகச் செய்யாமல் ஒரு டஜன் பள்ளிகள் பாராட்டு விழாவுக்குப் போகும். அடுத்த வருடம் வேறொரு டஜன். அதே 90% வாய்ப்புள்ள 200 பேர் பள்ளி 100% எடுப்பது நடக்கவே நடக்காத காரியம். அந்த 20 பேர் பள்ளியோ சில வருடம் 80% எடுத்து மெமோ வாங்கும், சில வருடம் கேடயம் வாங்கும். தலைமை ஆசிரியர் மட்டும் நடுவில் மாறியிருந்தால் பெருமையும் பழியும் தப்பான ஆளுக்குப் போகும்.

40 பேருக்குக் குறைவாக எழுதும் பள்ளி என்றால் மூன்று வருடத்தைக் கூட்டி ஒரே எண்ணாக்குங்கள். மாவட்ட வரிசையிலும் தசமப் புள்ளிகளுக்கு மயங்க வேண்டாம். 2024 பத்தாம் வகுப்பில் அரியலூர் 97.31% எடுத்து முதலிடம், சிவகங்கை 97.02% எடுத்து இரண்டாமிடம். இந்த 0.29-ஐ வைத்து அரியலூர் ஆசிரியர்களிடம் ரகசியம் கேட்கப் போவது வீண். அடுத்த வருடம் சிவகங்கை 98.31% எடுத்து முதலிடத்துக்கு வந்துவிட்டது.

படி 7: எண் வளைக்கப்பட்டிருக்கிறதா?

எந்த அளவுகோலை வைத்துப் பரிசும் தண்டனையும் தருகிறோமோ, அந்த அளவுகோலே கெட்டுப்போகும் என்பதை டொனால்டு கேம்ப்பெல் என்ற சமூக அறிவியலாளர் 1970-களிலேயே எழுதிவிட்டார். அமெரிக்காவின் அட்லாண்டா நகரம் அதற்கு நல்ல சாட்சி. 2009 தேர்வுத் தாள்களில் தவறான விடையை அழித்துச் சரியான விடையைக் குறித்த தடங்கள் அளவுக்கு மீறி இருந்தன. 2011-இல் வந்த விசாரணை அறிக்கை, ஆராய்ந்த 56 பள்ளிகளில் 44-இல் முறைகேடு நடந்ததாகச் சொன்னது; ஆசிரியர்களும் தலைமை ஆசிரியர்களுமாக 178 பேர் அதில் சம்பந்தப்பட்டிருந்தார்கள். 2015-இல் 11 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. அழித்தது பிள்ளைகள் இல்லை.

நம்மூரில் வளைத்தது சட்டத்தை மீறாமலேயே நடந்தது. பல தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமல் இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே திரும்பத் திரும்ப உருட்டின. பிளஸ் டூவில் மார்க் கொட்டியது. பொறியியல் முதல் வருடத்திலும் நுழைவுத் தேர்விலும் பிள்ளைகள் திணறினார்கள். இதைத் தடுக்கத்தான் 2017-18 முதல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது, அடுத்த வருடம் பிளஸ் டூ மொத்த மதிப்பெண் 1200-லிருந்து 600 ஆனது. 2017-இல் மாநில ரேங்க் அறிவிப்பும் நிறுத்தப்பட்டது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி 2025-26 முதல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு எடுக்கப்பட்டுவிட்டது. பிள்ளைகளுக்குச் சுமை குறையும், சரி. பழைய குறுக்கு வழி மறுபடி திறக்குமோ என்பது என் கவலை. பிளஸ் ஒன்னில் பிள்ளை படித்தால், செப்டம்பரில் அவள் நோட்டை ஒருமுறை புரட்டுங்கள். எந்த வகுப்புப் பாடம் எழுதியிருக்கிறாள் என்று தெரிந்துவிடும்.

படி 8: எண்ணை வைத்துக் கேள்வி கேளுங்கள்

கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். ஜூன், ஜூலைக் கூட்டத்தில் 'ஏன் ரிசல்ட் குறைந்தது?' என்று பொதுவாகக் கேட்டால் 'பிள்ளைகள் படிப்பதில்லை, வீட்டில் செல்போன்' என்ற பதில்தான் வரும். 'கணக்கில் 20-ஆவது இடத்துப் பிள்ளை மூன்று வருடமாக 36-லேயே நிற்கிறாரே, அந்தக் கால்வாசிப் பிள்ளைகளுக்கு ஆறாம் வகுப்புக் கணக்கு தெரியுமா, கணக்கு ஆசிரியர் இடம் எத்தனை மாதம் காலியாக இருந்தது?' என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு வேறு பக்கம் திரும்பும். ஆண், பெண், தமிழ் வழி, ஆங்கில வழி என்று பிரித்தும் ஒருமுறை அடுக்கிவிடுங்கள். சராசரிக்கு அடியில் பெரும்பாலும் பையன்கள் நசுங்கிக் கிடப்பார்கள்.

பள்ளி தகவல் தர மறுத்தால், அரசுப் பள்ளிக்கும் அரசு உதவிபெறும் பள்ளிக்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடலாம், 30 நாளில் பதில் வர வேண்டும். சுயநிதிப் பள்ளி என்றால் பள்ளியிடம் கேட்காமல் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். கேட்க வேண்டியது வகுப்புவாரி எண்ணிக்கை, பதிவு செய்தவர், எழுதியவர், தேறியவர் மட்டும். மாணவர் பெயரைக் கேட்டால் தனிநபர் தகவல் என்று சொல்லி மொத்த மனுவையும் தள்ளிவிடுவார்கள்.